செவ்விளக்கின் கண்ணைப் பிடுங்கிய சங்குவான்

வாழ்க சங்குவான்! முகில் தவழும் கிச்சகூட் மலையின் அடிவாரத்தில், சந்தபுரிச் சீமையின் துரியன் தோப்புகளுக்கு நடுவே, முள்முடி தரித்த கனிக்கூட்டத்துக்கெல்லாம் முடியே இல்லாத தலைவனாய் வீற்றிருந்த வழுக்கைத்தலை வேந்தன் வாழ்க! பெயரிலேயே ஒரு சங்கை வைத்திருந்தபடியால் தன் புகழைத் தானே ஊதிக்கொள்ளும் உரிமையைப் பிறப்பிலேயே பெற்றவன். ஐம்பத்து மூன்று வயதுவரை 'தெரியாது' என்ற இழிசொல்லால் தன் நாவை ஒருமுறையேனும் கறைப்படுத்தாதவன். இருபத்தாறு ஆண்டு உழைத்துத் தேய்ந்த சாம்பல்நிறப் பிக்கப் வண்டி என்னும் திருத்தேரின் தனிப்பெரும் சாரதி. அவன் உள்ளங்கை அகலமும் இல்லாத ஒரு சிவப்பு விளக்கோடு நான்கு நாள் பொருத பெரும்போரைச் சொல்லத் தொடங்குகிறோம். கேட்பவர்கள் கொட்டாவியை அடக்கிக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

புத்தம்புதிதாய் வாங்கிய நாள்தொட்டு அந்தத் தேரின் பானட்டைத் தன் கையன்றி வேறெந்தக் கையும் தூக்கியதில்லை என்பது அவனுடைய முதற்பெருமை. பானட்டைத் தூக்கியபின் உள்ளே அவன் என்னென்ன செய்தான் என்பதை அந்த வண்டி ஒன்றே அறியும். அதற்கு வாய் இருந்திருந்தால் என்றோ காவல் நிலையம் போயிருக்கும்.

அவனுடைய இரண்டாம் பெருமை ஒரு சபதம். மூன்றாண்டுக்கு முன் சொங்க்ரான் நீர்விழா அன்று, உறவெல்லாம் ஒரே பாயில் அமர்ந்து நண்டு போட்ட நூடுல்ஸ் உண்டுகொண்டிருந்த வேளையில், அவன் மனைவி வன்னபாவின் தம்பி தவின், ஊர்க்கோடியில் தகரக் கொட்டகை போட்டு வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் ஒல்லியான மனிதன், பேச்சுவாக்கில் ஒரு சொல் சொல்லிவிட்டான். "வண்டி ஓட்டத் தெரியுறது வேற மாமா, வண்டியத் தெரியுறது வேற." சபை சிரித்தது. சங்குவான் சிரிக்கவில்லை. உண்டுகொண்டிருந்த நண்டின் காலை வாளென உயர்த்திப் பிடித்து, வானும் வையமும் வாளி நிறைய நீரோடு நின்ற பிள்ளைகளும் சாட்சியாக அவன் முழங்கினான்: "இந்தத் தவினோட கை என் வண்டியில பட்டுச்சுன்னா, அன்னிக்கோட நான் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்." அன்று முதல் மைத்துனனின் கொட்டகை வழியே போவதையும் விட்டு, இரண்டு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போனான். சபதத்துக்கு டீசல் செலவாகும் என்பதைப் பழைய புலவர்கள் பாடாமல் விட்டுவிட்டார்கள்.

இவ்வாறிருக்க, மே மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், பகை தோன்றியது. சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த தேரின் ஸ்டியரிங்குக்குப் பின்னே இருந்த முகப்புப் பலகையில், பேட்டரிப் படம் பொறித்த குட்டி விளக்கொன்று, முழுதாய் எரியவும் இல்லாமல் அணைந்துபோகவும் இல்லாமல், உண்ட மயக்கத்தில் பாதிக்கண் திறந்து கிடக்கும் அரக்கனைப் போலச் செம்மங்கலாய்க் கனன்றது. அருகில் இருந்த வன்னபா குனிந்து பார்த்து, ஏன் இது பாதியாக எரிகிறது என்று கேட்டாள். சிவப்பு என்றால் சிவப்புத்தான், அதில் பாதி என்ன முழுசு என்ன என்று அந்தக் கேள்வியை அவன் ஒரு கையசைப்பில் வீழ்த்தினான். போர் முழுவதிலும் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. பிறந்த இடத்திலேயே அது கொல்லப்பட்டது.

அந்த வாரம் வன்னபாவுக்கு விளையாட்டான வாரம் அல்ல. தோப்பிலிருந்த பதினாறு துரியன் மரங்களும் அவள் தந்தை அவளுக்கு விட்டுப்போனவை. பூத்த காலத்தில், அந்தி மயங்கும் வேளையில் விரியும் பூக்களைத் தேடி, நீண்ட கழியில் தூரிகை கட்டிக்கொண்டு ஏணிமேல் ஏறி, பூவுக்குப் பூ மகரந்தம் தடவியவள் அவள். காய்த்த பின் ஒவ்வொரு கனியையும் குச்சியால் தட்டி, காது வைத்து ஓசை கேட்டு, இது நாளைக்கு, இது வெள்ளிக்கு என்று நாள் குறித்தவளும் அவளே. வெள்ளியன்று வெட்டி, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் நெடுஞ்சாலையோரத்துத் தரம்பிரிக்கும் கொட்டகையில் சேர்த்துவிட வேண்டும். நான்கு மணிக்குக் கப்பல் பெட்டி ஏற்றிய லாரி புறப்பட்டுவிடும். விடுபட்ட கனி வீட்டு முற்றத்தில் வெடித்து நாறும். இவ்வளவும் அந்தச் சாம்பல்நிறத் தேரை நம்பி மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

புதன் மாலையே முதற்போர் மூண்டது. "பேட்டரி செத்துருச்சு," என்று தீர்ப்புரைத்த சங்குவான், எதைக்கொண்டும் எதையும் அளந்து பாராமல், சந்தையிலிருந்து புது பேட்டரி ஒன்றைச் சுமந்துவந்து, பழையதை இரக்கமின்றிக் கழற்றிச் சிறைப்பிடித்து, புதியதை அரியணை ஏற்றினான். தேர் ஒரே திருப்பில் உறுமி எழுந்தது. கடையில் நிரம்ப ஊட்டி அனுப்பிய பேட்டரி ஒருநாள் எதையும் தாங்கும் என்பதை அறியாத வீரன், இருபுறமும் இல்லாத மக்களை நோக்கி ஹார்ன் அடித்துக்கொண்டு வீதியுலா போனான். முகப்பில் அரக்கன் பாதிக்கண்ணோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழன் உச்சியில், ஐஸ் காபி குடிக்கக் கடையோரம் நிறுத்திய தேர் மீண்டும் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினான், உள்ளே எங்கோ பல்லி சப்புக்கொட்டியதுபோல் 'டக்' என்றொரு ஒலி, அவ்வளவே. காபிக் கடைக்காரியும் உண்டுகொண்டிருந்த மூவரும் சேர்ந்து தள்ள, தேர் இறக்கத்தில் உருண்டு உயிர்பெற்றது. வீட்டை அடைந்ததும் இரண்டாம் தீர்ப்பு இடியென விழுந்தது: டைனமோ செத்துவிட்டது. உடனே பழைய இரும்புக் கடைக்கு விரைந்தான் வேந்தன். தன் வண்டியில் இருபத்தாறு ஆண்டு பிழையின்றிச் சுழன்ற டைனமோவைக் கொடுத்து, எவன் வண்டியிலோ வெள்ளத்தில் மூழ்கி மீட்கப்பட்ட வேறொரு டைனமோவை மேலே காசும் தந்து வாங்கிவந்தான். மூன்று மணி நேரம் மண்ணில் மல்லாந்து கிடந்து, விரல்முட்டித் தோலெல்லாம் உரிய, எண்ணெயும் வியர்வையும் செங்குருதியும் ஒன்றாய்க் கலந்து வழிய, நெம்பியும் உதைத்தும் திட்டியும் அதைப் பூட்டி முடித்தான். சாவியைத் திருப்பினான். இன்ஜின் முக்கிமுனகிக் கிளம்பியது. பாதிக்கண் திறந்தது.

தன்னைப் பார்த்து அது சிரிப்பதாகவே அவனுக்குத் தோன்றியது. அன்றிரவு அவன் சோறு உண்ணவில்லை என்று சொல்ல ஆசைதான், இருமுறை போட்டுக்கொண்டான். ஆனால் சொங்க்ரான் பாயில் எழுந்த அந்தச் சிரிப்பு மீண்டும் மீண்டும் அவன் செவியில் விழுந்துகொண்டிருந்தது.

வெள்ளியன்று, வன்னபா கூலியாட்களோடு மரத்தடியில் நின்று, மேலிருந்து விழும் கனிகளைச் சாக்கு விரித்து ஏந்திக்கொண்டிருந்தபோது, அவள் கணவன் மூன்றாம் போரைத் தொடுத்தான். ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்று, வண்டி நின்றால் டைனமோ குற்றவாளி, நிற்காவிட்டால் குற்றமற்றது என்று யாரோ எப்போதோ சொன்ன சாத்திரம் அவன் நினைவில் உதித்தது. கழற்றினான். அந்தக் காலத்து டீசல் இன்ஜினோ, ஒருமுறை உருண்டுவிட்டால் மின்சாரத்தை மதியாமல் தானே ஓடும் ஞானி. அது எதற்கும் சாட்சி சொல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. கட்டுக்குள் நில்லாத மின்வேகம் பாய்ந்ததில் ரேடியோ மட்டும் ஒருமுறை கிறீச்சிட்டு, நீலப்புகை கக்கி, போர்க்களத்தில் முதல் ஆளாய் மாண்டது.

பேட்டரி புதிது. டைனமோ மாற்றியாயிற்று. வண்டியும் ஓடுகிறது. அப்படியானால் பிழை யாரிடம்? சங்குவானின் பேரறிவில் பேரொளி வெடித்தது. "இந்த லைட்டுதான் பொய் சொல்லுது," என்று அவன் பறைசாற்றினான். முகப்புப் பலகையைப் பெயர்த்தான். பின்னே கைவிட்டுத் துழாவினான். அரக்கனின் செங்கண்ணை, கடுகத்தனை பல்பை, வேரோடு பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வென்ற களத்தில் பகையரசன் மணிமுடியை ஏந்திய மன்னனைப் போலத் தோப்புக்கு நடந்துபோய் மனைவியிடம் காட்டினான். அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு விழுந்துகொண்டிருந்த அடுத்த கனிக்குச் சாக்கை விரித்தாள்.

சனி விடிந்தது. தேரின் பின்தளம் கொள்ளும் மட்டும் முட்கனிகள் மலையெனக் குவிந்தன. வேந்தன் ஏறி அமர்ந்து சாவியைத் திருப்பினான். 'டக்' என்ற ஒலிகூட வரவில்லை. மீண்டும் திருப்பினான். பாரம் ஏறிய வண்டியைத் தள்ள ஆளில்லை. தள்ளினாலும் முற்றத்திலிருந்து சாலைக்கு மேடு. மணி பத்து, பன்னிரண்டு, ஒன்றரை என்று ஏறியது. அவன் பேட்டரியை முறைத்தான், டைனமோவை முறைத்தான், பல்பு இருந்த குழியை முறைத்தான். எதுவும் அஞ்சவில்லை.

வன்னபா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டிக் கதவருகே நின்றாள். குரல் உயரவில்லை.

"பழம் என்னோடது. வண்டி உங்களோடது. நான் தவின் வண்டியில பழத்த ஏத்திக்கிட்டுப் போறேன். உங்க வண்டிய நீங்களே வெச்சுக்குங்க."

எத்தனையோ படைகளை எள்ளி நகைத்த அந்த மார்பில் இந்தச் சொல் தைத்தது. பழம் இறக்கப்பட்ட வெறும் வண்டி முற்றத்தில் நிற்பதையும், அதை ஊர் முழுதும் வந்து பார்ப்பதையும் அவன் மனக்கண்ணால் கண்டான். தொண்டையைச் செருமினான். தம்பி வந்து பார்ப்பதானால் பார்க்கட்டும், தொடக்கூடாது என்று, கோட்டையை விட்டுக்கொடுத்துக் கொடிக்கம்பத்தை மட்டும் கேட்கும் மன்னனாய், சாலையைப் பார்த்தபடி சொன்னான்.

தவின் வந்தான். மின்னழுத்தம் அளக்கும் ஒரு மீட்டரையும் இரண்டு தடித்த கேபிள்களையும் சங்குவானின் காலடியில் வைத்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டான்.

"என் கை படாது மாமா. உங்க கையாலயே செய்யுங்க."

உலகில் எத்தனையோ பழிவாங்கல்கள் உண்டு; இவ்வளவு மரியாதையான ஒன்றை நாம் கண்டதில்லை. தவின் முதலில் அக்காவைத்தான் கேட்டான், விளக்கு எப்படி எரிந்தது என்று. பாதியாக என்றாள் அவள். அவன் தலையசைத்தான். டைனமோ செத்திருந்தால் விளக்கு முழுதாய் எரிந்திருக்கும் என்றும், பாதியாய் எரிந்தால் டைனமோ உயிரோடுதான் இருக்கிறது, வழியில்தான் கோளாறு என்றும், பல்பை முதலில் அதன் குழியில் மாட்டவேண்டும், அதன் வழியாகப் போகும் துளி மின்சாரத்தில்தான் டைனமோவே கண்விழிக்கும் என்றும், வானிலை சொல்பவனைப் போல நிதானமாகச் சொன்னான். சங்குவான் சட்டைப் பையிலிருந்து வெற்றிச்சின்னத்தை எடுத்து, பிடுங்கிய இடத்திலேயே மாட்டினான்.

தவினின் வண்டியிலிருந்து கேபிள் இழுத்து இன்ஜினைக் கிளப்பி, கேபிளைக் கழற்றிய பின், மீட்டரின் இரு முனைகளையும் வேந்தன் தன் தோலுரிந்த கையால் பேட்டரியில் வைத்தான். பன்னிரண்டு புள்ளி மூன்று வோல்ட். பிறகு ஒரு முனையை டைனமோவின் வெளிமுனையில் வைக்கச் சொன்னான் தவின். பதினான்கு புள்ளி ஆறு.

"அணையில தண்ணி நெறஞ்சு கெடக்கு, வயலுக்கு வரல. நடுவுல எவனோ மடைய அடச்சிருக்கான் மாமா. அந்த வயரப் பிடிச்சுக்கிட்டே போங்க."

போனான். தடித்த வயர் வளைந்து நெளிந்து ஃபியூஸ் பெட்டிக்குள் புகுந்தது. மூடியைத் திறந்ததும் கருகிய நாற்றம் எழுந்தது. மெயின் ஃபியூஸின் நட்டு கறுத்து, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உருகி, விரலால் தொட்டதுமே நட்டு ஆடியது. அதனடியில், இருக்கக்கூடாத ஒரு மெல்லிய நீல வயர் செருகியிருந்தது. அதன் கழுத்தில் வெட்டுக்காயத்துக்கு ஒட்டும் மருந்துப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. சென்ற ஆண்டு கோயில் ஊர்வலத்துக்காகத் தேரின் நான்கு புறமும் நீலவிளக்கு மாட்டிய திருக்கரம் எதுவோ, அந்தக் கரமே அதைச் செருகி, நட்டை முடுக்க மறந்து மூடியிருந்தது.

எவனோ மெக்கானிக் பயல் என்று தொடங்க வாய்திறந்தான் சங்குவான். இருபத்தாறு ஆண்டுப் பெருமை முன்னே வந்து வாயை அடைத்தது. அவன் முகத்தில் சூடு ஏறியது, காதுவரை சிவந்தது. தவின் மேகத்தைப் பார்த்தான். வன்னபா பிளாஸ்திரியைப் பார்த்தாள். 

இன்ஜினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றி, நீல வயரைப் பிடுங்கியெறிந்து, உப்புத்தாளால் தேய்த்து, தவின் தரையில் வைத்த புது முனையைப் பூட்டி, நட்டை முடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. மறுபடி கிளப்பியபோது பேட்டரியில் பதினான்கு புள்ளி இரண்டு நின்றது. முகப்பில் பாதிக்கண் மூடிக்கொண்டது.

மூன்றரை மணிக்குத் தேர் தரம்பிரிக்கும் கொட்டகை வாயிலில் புகுந்தது. நடுவழியில் நின்றால் உதவ வேண்டுமே என்று தவின் தன் வண்டியில் பின்னாலேயே வந்தான். கனிகள் இறங்கின, தட்டிப் பார்த்த தரம்பிரிப்பவள் ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. அந்த மகிழ்ச்சியில் வன்னபா கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே கணத்தில், கொட்டகை நடுவே, சுமை தூக்குவோரும் லாரி ஓட்டுநரும் சூழ, திக்கெட்டும் அதிர, மலைமுழைகளெல்லாம் எதிரொலிக்க, இடியேறு முழங்கியதென எழுந்தது வேந்தனின் வெற்றிப் பிரகடனம்: "மூணு நாளா ஒருத்தனுக்கும் புடிபடல. மீட்டர வெச்சேன், வயரப் புடிச்சுக்கிட்டே போனேன், கண்டுபுடிச்சிட்டேன். வேற எவன் கையும் படல, எல்லாம் இந்தக் கைதான்." அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் அதன் கொடுமை. கேட்டவர்கள் வியந்தார்கள், ஒருவன் கைகூப்பினான், விண்ணோர் மலர்மாரி பொழிய, திசையானைகள் பிளிற, புகழ்மங்கை மாலையோடு இறங்கிவர, உரிந்த விரல்முட்டிகளை உயர்த்திக் காட்டியபடி நிகரற்று நின்றான் சங்குவான்.

வன்னபா தம்பியின் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.