மாப்பிள்ளையை அழவைத்த சுர்மா

அன்புள்ள மச்சான் ஹத்து அவர்களுக்கு,

மிதெல்த் சுரங்கத்தில் தாங்களும் தங்கள் கோவேறு கழுதையும் சுகமாயிருக்க ஆண்டவனை வேண்டி, தங்கள் தங்கை புருஷன் முஹா எழுதிக்கொள்வது.

நீங்கள் அனுப்பிய சுர்மாக் கல் வந்து சேர்ந்தது. அது கல்லா, கண்ணாடியா! ஈயமும் கந்தகமும் கூடிப் பிறந்ததாமே. உள்ளங்கையில் அடங்குகிற கல், தூக்கினால் மணிக்கட்டு இறங்குகிறது. எங்கே தட்டினாலும் சதுரம் சதுரமாகவே உடைகிறது. உடைந்த ஒவ்வொரு முகத்திலும் என் மூக்கு தெரிகிறது.

கல்யாணத்தில் மாப்பிள்ளை கண்ணுக்கு இடும் மைக்காக அதை உடைத்து அரைக்க வேண்டியவள், பெண்ணைப் பெற்ற உங்கள் தங்கை ரஹ்மா. ஆனால் மகள் இத்தோ பிடித்துவந்த மாப்பிள்ளை இதிர் என்றாலே அவளுக்கு ஆகாது. "சிரிக்கவும் தெரியாது, அழவும் தெரியாது. வனத்துறை ஆபீஸ்ல அவனையும் ஒரு மரம்னு கணக்குல எழுதிருவாங்க. அந்த மரத்துக்கு நான் சுர்மா அரைக்க மாட்டேன், தலையில முத்தம் குடுத்து வாழ்த்தவும் மாட்டேன்" என்றுவிட்டாள். சரி, சுர்மாவாவது இருக்கட்டும் என்று நானே உரலில் இறங்கினேன். இடிக்க இடிக்க வெள்ளிப் பொடியாய் மினுங்கிற்று, அழகில் மயங்கி அங்கேயே நிறுத்தினேன், பட்டுத்துணியில் சலிக்கவுமில்லை, மினுக்கம் செத்துக் கன்னங்கரேலென்று ஆகும்வரை அரைக்கணும், மினுங்கினா அது இன்னும் கல்லுதான், கண்ணை அறுத்துடும்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்றதுக்குள்ள சிமிழு மாப்பிள்ளை வீடு போயாச்சு, பொண்ணை அனுப்புற நேரத்துல பாத்தா அந்தப் புள்ள தாரை தாரையா அழுறான் மச்சான், கன்னமெல்லாம் கறுப்பு, உங்க தங்கச்சி ஓடிப்போயி அவன் தலையில முத்தம் குடுத்து, "எம்பொண்ணுக்காக அழுறியே ராசா"ன்னு இவளும் அழ, ஊரே அழ, நான் மட்டும் உரலைக் கொண்டுபோயி ஒளிச்சு வச்சேன்.

உண்மை தெரிந்தால் கொடுத்த முத்தத்தைத் திரும்பக் கேட்பாள். ஆகவே இதைப் படித்ததும் அடுப்பில் போடவும். இனி இந்த வீட்டுக்குக் கல்லே அனுப்ப வேண்டாம்.

உங்கள் பேரப்பிள்ளைகள் முதல் ஆப்பிள் மரங்கள் வரை எல்லாவற்றிலும் பரக்கத் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
முஹா

பி.கு.: உறையை ஒட்டும்போது இத்தோ வந்தாள். சிமிழ் மாப்பிள்ளை வீடு போகுமுன்பே என் சுர்மாவை விரலில் தேய்த்துப் பார்த்து, நறநறவென்றதும் கொட்டிவிட்டாளாம். சிமிழில் மாற்றி வைத்து அவனுக்கு இட்டது ரஹ்மா முன்பு அரைத்து வைத்திருந்த சுர்மா.

"அது பட்டு மாதிரி இருக்குமேடி, கண்ணு உறுத்தாதே. அப்ப அவன் ஏன் அழுதான்?"

"உம்மா வாழ்த்த மாட்டாங்கன்னு நான் அழுதேன் வாப்பா. என்னையப் பாத்து அவரு அழுதாரு."

அடுப்பில் போட வேண்டாம் மச்சான். கல் அனுப்பவும், பெரிதாகவே. மருமகனுக்கு ரஹ்மாவே அரைக்கிறாளாம்.