முத்துக்குளிச்ச வம்சமும் நாலரை அடித் தண்ணியும்

நேத்து எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். நீச்சல் குளத்துக்குப் போய் ஒரு ஃபாரத்துல கையெழுத்து வாங்கணும்.

நான் படிக்கிறது ஐரோப்பாவுல ஒரு ஏரிக்கரை ஊர்ல. பேரு என்னவோ சர்வதேசப் பல்கலைக்கழகம். மொத்தம் முந்நூறு பேர் தேற மாட்டோம். தூத்துக்குடி கல்யாணத்துல முதல் பந்தியிலயே இதைவிடக் கூட்டம் உட்காரும்.

அடுத்த வாரம் ஏரியில படகுப் பயிற்சி. கட்டாயம். போகலைன்னா ஒரு வருஷம் போச்சு. படகுல ஏறணும்னா ‘இவனுக்கு நீச்சல் தெரியும்’னு கோச் கையெழுத்துப் போடணும்.

எனக்கு நீச்சல் தெரியாது.

அதை நேராச் சொல்லித் தொலைச்சிருக்கலாம். முடியாது! நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?

முதல் வாரம் அறிமுகக் கூட்டம் வச்சாங்க. இங்க ஆளாளுக்கு ஒரு பாரம்பரியம் கைவசம் இருக்கணும். பிரேசில்காரன்னா ஆடணும். இந்தியாக்காரன்னா யோகா. எனக்குக் குனிஞ்சா கால் விரல் எட்டாது. அதனால முத்தை எடுத்து விட்டேன்.

“நான் முத்துநகர்க்காரன்! எங்க முன்னோருங்க மூச்சைப் பிடிச்சுக் கடலுக்கடியில போய் முத்தெடுத்தவங்க. முத்துக்குளிக்கிறவன் இடுப்புக் கயிறை மேல படகுல இருந்து பிடிக்கிறது யாரு தெரியுமா? அவன் பொண்டாட்டியோட அண்ணனோ தம்பியோ. மச்சான்தான்! கூடப்பிறந்தவன்கூட கயிறை விட்டுருவான். மச்சான் விடமாட்டான். அவன் தங்கச்சி தாலியாச்சே!”

ஒரே கைத்தட்டல். ஜார்ஜியாவுல இருந்து வந்த லூக்காவும், கூடவே படிக்கிற அவன் தங்கச்சி நீனாவும் எழுந்து நின்னே தட்டினாங்க. ‘மச்சான்’ங்கிற வார்த்தையை வகுப்பு மொத்தத்துக்கும் மூணு தடவை சொல்லிக்கொடுத்துட்டுத்தான் நான் உட்கார்ந்தேன்.

உண்மை என்ன? தாத்தா ஹார்பர்ல கிரேன் ஓட்டினாரு. அப்பா ஷிப்பிங் ஆபீசுல ஏசி ரூம்ல இருக்காரு. வீடு மில்லர்புரம். கடல்ல நான் நனைஞ்சது கணுக்கால் வரைக்கும், அதுவும் கையில சுண்டலோட. இன்னும் ரெண்டு எட்டு வச்சா கரையில இருந்து அம்மா கத்துவா.

“ஏலே, கடலுக்குள்ள போறதுக்கா உன்னைய இங்கிலீஷ் மீடியத்துல போட்டோம்?”

முத்து கதையும் அப்படித்தான். எங்க ஊர்ல பேக்கரிக்கு முத்து, லாட்ஜுக்கு முத்து, ரயிலுக்கு முத்து. நிஜ முத்தை நான் பார்த்தது சித்தி மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனப்போ. அது ஹைதராபாத்துல இருந்து வந்ததுன்னு கடைக்கார அண்ணாச்சியே சொன்னாரு.

முந்தாநாள் பயந்துபோய் அம்மாவுக்கு போன் போட்டேன். “அம்மா, எனக்கு நீச்சல் தெரியும்னு எங்கயாவது ஒரு சர்ட்டிபிகேட் வாங்க முடியுமா?”

“இதுக்கா அழுத? நம்ம பங்குச் சாமிட்ட ஒரு லெட்டர் வாங்கி அனுப்புதேன்.”

எங்க ஆளுங்களுக்கு இது ரத்தத்துல ஊறினது. ஸ்கூல் சீட்டா, வேலையா, பொண்ணு பார்க்கிறதா, எதுக்கும் பங்குக் கோயில், அதான் எங்க ஏரியா சர்ச், சாமியார் லெட்டர். அரை மணி நேரத்துல வாட்ஸப்புல வந்துருச்சு. இங்கிலீஷ்ல, சீல் வச்சு! வாசிக்காமலே பிரிண்ட் எடுத்தேன்.

கோச் பேரு இங்கா. அறுபது வயசு இருக்கும், மீன்பிடி வல்லத்தைக் கரைக்கு இழுக்கிற தோள்பட்டை. அவங்க பேசினது இங்கிலீஷ்தான். என் காதுல விழுந்தது தூத்துக்குடித் தமிழ். பயத்துல அப்படித்தான் விழும்.

லெட்டரை நீட்டினேன். கண்ணாடியை மாட்டி ரெண்டு தடவை வாசிச்சாங்க.

“ஏலே, இதுல நீ நல்ல குடும்பம்னு இருக்கு.”

“ஆமா மேடம்.”

“பூசைக்கு ஒழுங்கா வருவேன்னு இருக்கு.”

“ஆமா மேடம்.”

“உனக்கு ஞானஸ்நானம் கொடுத்ததா இருக்கு. நீ கடைசியா தண்ணியில இறங்கினது அன்னைக்குத்தானா?”

அன்னைக்கும் தலையில மூணு சொட்டுதான் ஊத்தினாங்கன்னு நான் சொல்லல. எங்க சாமி பாவம், பொய் சொல்லத் தெரியாதவரு. நீச்சலைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல.

அப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனா எங்க வகுப்பே குளத்துல கிடந்தது. நீனா கரையில உட்கார்ந்து என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. “முத்துக்காரன் வந்துட்டான்!”னு லூக்கா ஒரு சத்தம் போட்டான். வம்ச மானம் குறுக்க வந்து நின்னுக்கிச்சு.

“லெட்டர் சும்மா ஒரு மரியாதைக்கு மேடம். நான் நீந்தியே காட்டுறேன்.”

காலையிலதான் நீச்சல் கத்துக்கிறது எப்படின்னு ஏழு வீடியோ பார்த்திருந்தேன்.

லூக்கா கரையில கிடந்த கயிறை எடுத்து என் இடுப்புல கட்டினான். “உங்க ஊர் முறைப்படியே செய்வோம். நான் பிடிக்கேன்.”

“வேண்டாம்ல.”

“சும்மா இரு. பாரம்பரியம்லா!”

சிலுவை போட்டுக்கிட்டு குதிச்சேன்.

வீடியோவுல சொன்ன ஒண்ணும் தண்ணிக்குள்ள ஞாபகம் வரல. மூக்கு வழியா தண்ணி, காது வழியா தண்ணி. “மாதாவே, காப்பாத்து!”ன்னு வாயைத் திறந்தேன். அது பெரிய தப்பு. அந்த வழியா பாதிக் குளம் உள்ள போயிருச்சு. நான் கையையும் காலையும் உதறின உதறல்ல கயிறு இழுபட்டு, லூக்காவும் துணிமணியோட உள்ள விழுந்தான். ஆனா கயிறை விடல. அதைச் சொல்லணும்.

அப்போ இங்கா விசிலை ஊதிட்டுச் சொன்னாங்க.

“எந்திச்சு நில்லுலே.”

நின்னேன். தண்ணி நெஞ்சு வரைக்கும் இருந்தது.

நாலரை அடி! முத்துக்குளிச்ச வம்சம் மூழ்கிச் சாகப் பார்த்த ஆழம், நாலரை அடி!

லூக்கா தண்ணி சொட்டச் சொட்ட என் தோள்ல கை போட்டான். “நான் கயிறை விடல, பாத்தியா? அப்போ நான் உனக்கு யாரு?”

வகுப்பு மொத்தமும் ஒரே குரல்ல கத்துச்சு. “மச்சான்!”

நீனா எழுந்து இடுப்புல கை வச்சா. “என்கிட்ட யாராவது கேட்டீங்களா?”

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. மானம் போனது கிடக்கட்டும், ஒரு வருஷம் போகுதே!

இங்கா மனசு இரங்கிட்டாங்க. “மாசக் கடைசியில இன்னொரு படகு போவுது. அதுக்குள்ள கத்துக்கோ”ன்னு தொடக்க வகுப்புல சேர்த்துக்கிட்டாங்க. கூடப் படிக்கிற எல்லாருக்கும் வயசு ஆறு. குளத்துல இருந்த அதுங்க, ‘பயப்படாதே’ன்னு எனக்கு ஆறுதல் வேற சொல்லுச்சுங்க.

இதுக்குள்ள யாரோ எடுத்த வீடியோ வகுப்பு குரூப்புக்கு வந்துச்சு. நான் புத்தி கெட்டுப்போய் அதை துபாய்ல இருக்கிற சித்தப்பா மகனுக்கு மொத்தக் கதையோட அனுப்பினேன். அவன் குடும்ப குரூப்புல போட்டுட்டான்.

அம்மா போன் வந்துச்சு. மூச்சு முட்டினதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல.

“ஏலே, கயிறு பிடிச்ச பையன் நல்லவனாத்தான் தெரியுதான். அவனுக்கு ஒரு தங்கச்சி இருக்காளாம்லா. எந்தப் பங்கு?”

“அம்மா, அவ ஜார்ஜியாக்காரி!”

“இருக்கட்டும்ல. அங்கனயும் ஒரு சாமி இருப்பாருல்லா? ஒரு லெட்டர் வாங்கி அனுப்பச் சொல்லு.”

இன்னைக்குக் காலையில தொடக்க வகுப்பு ஃபாரத்தை நிரப்ப குளத்துக்குப் போனேன். தண்ணியில இறங்கும்போது கூட இருக்கிறவர் யாரு, என்ன உறவுன்னு அதுல ஒரு கட்டம். லூக்கா ஏற்கெனவே தன் பேரை எழுதி, உறவுங்கிற இடத்துல ‘மச்சான்’னு போட்டு வச்சிருந்தான்.

அதை அடிக்காம, கீழ நீனா ஒரு வரி எழுதியிருந்தா: “முதல்ல நீந்தட்டும்.”