கனவில் வந்து பேர் கேட்ட சித்தி

மேன்மை பொருந்திய அக்கா ஹெர்தீஸ் அவர்களுக்கு, படகுக்காரத் தம்பி தோர்கில்ஸ் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், மனைவி ஆஸ்கெர்துர், இன்னும் பேர் வைக்காத உன் மருமகள் மூவரும் காற்றுக்கும் மழைக்கும் நடுவில் சௌக்கியம். அங்கே அக்குரேரியில் உனக்கும் அத்தானுக்கும் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீ முகம் சுளிப்பாய். போனில் சொல்லக்கூடிய சமாச்சாரமாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? எங்கள் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைதான்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஆஸ்கெர்துரின் கனவில், செத்துப்போன அவள் சித்தி வந்துவிட்டாள். நனைந்த கோட்டோடு வாசலில் நின்று, ஒரு காபி வாங்கிக் குடித்து, இங்கே எனக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். செத்தவர் கனவில் வந்து இப்படிக் கேட்டால் பேரைக் கேட்கிறார் என்று அர்த்தம், கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது, இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு எந்தச் சித்தி வந்திருந்தாலும் நான் ஏன் உனக்கு எழுதப்போகிறேன்? வந்தது ரான் சித்தி. ரான், அக்கா! கடலில் விழுந்தவனை வலை போட்டு அள்ளிக்கொண்டு போகிற அந்தக் கடல்தேவதை மகராசியின் பேர். அதற்கு அர்த்தமே கொள்ளை. தினம் அவள் தலைமேல் படகு ஓட்டிப் பிழைக்கிறவன் நான், என் வீட்டுக்குள்ளேயே அவள் பேரைச் சொல்லித் தாலாட்டு என்றால் எப்படி?

நானும் சும்மா இருக்கவில்லை, பழைய தேவதைகளின் பேராகவே தேடினேன். ஃப்ரேயா என்று வைக்கலாமே, சீமாட்டி என்று அர்த்தம் என்றேன். பாதிரியார் வீட்டுப் பூனைக்கு அந்தப் பேர்தான் என்றாள். இதுன், இளமையைத் திருப்பித் தருகிறவள் என்றேன். பல்லே முளைக்கவில்லை, இவளுக்கு இளமை எங்கே போய்த் திரும்ப வேண்டும் என்றாள். சிகின், வெற்றியின் தோழி, குறும்புக்காரத் தேவன் லோகியின் மனைவி, எவ்வளவு நல்லவள் என்று ஆரம்பித்தேன் பாரு, அது என் போதாத காலம். "கட்டிப்போட்ட புருஷன் மூஞ்சில பாம்பு விஷம் சொட்டாம காலம் பூரா கிண்ணம் ஏந்திக்கிட்டு நின்னாளே, அவதானே? எம் பொண்ணு எவனுக்கும் கிண்ணம் பிடிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு எனக்குச் சூப்புக் கிண்ணத்தையும் வைக்கவில்லை.

மனக்கஷ்டத்தோடு நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் போய் உட்கார்ந்தேன். அந்தச் சூட்டில் வாய் தானாகத் திறந்துகொள்ளும், உனக்குத் தெரியும். ஞானஸ்நானம் வரைக்கும் வெளியே வரக்கூடாத பேரைப் பாதி ஊர் முன்னால் உளறிவிட்டேன். என் படகில் இஞ்சின் பார்க்கிற கெட்டில்பியோர்ன் கழுத்தளவு வெந்நீரில் இருந்தவர் அப்படியே எழுந்துவிட்டார். "கடல்ல இருக்கிற ரான் கூப்பிடுறப்ப போறேன் தம்பி. அதுக்காக நானே போயி ரானோட அப்பன்னு ஒருத்தன் படகுல ஏறி உக்கார மாட்டேன்" என்றார். அந்தப் பேரை வைத்து அவர் வராமல் போனால், இந்தக் காட் மீன் பருவத்தில் நான் கரையில் நின்று கையாட்ட வேண்டியதுதான்.

வேறு வழி தெரியாமல் நானும் ஒரு கனவு கண்டுவிட்டேன். அதாவது, கண்டதாகச் சொல்லிவிட்டேன். நம் அம்மா வந்தாள், துரூதுர் என்று தன் பேரைப் பிள்ளைக்குக் கேட்டாள், இடித்தேவன் தோரின் மகள் பேர், பலம் என்று அர்த்தம், எவ்வளவு பொருத்தம் பார் என்று சொன்னேன். ஆஸ்கெர்துர் பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே, அம்மா காபி குடித்தாளா என்று சாதாரணமாகக் கேட்டாள். நானும் பெருமையாக ரெண்டு கப் என்றேன். "உசுரோட இருந்த வரைக்கும் எங்கையால ஒரு வாய் காபி குடிச்சதில்லை உங்கம்மா. செத்தப்புறம் ரெண்டு கப்பா?" என்றாள்.

ஆகையால் உன் காலில் விழுந்து கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அதற்குள் நீ போன் செய்து, அம்மா உன் கனவிலும் வந்து பேர் கேட்டதாகச் சொல்லிவிடு. உன் வாய்க்கு இங்கே மரியாதை இருக்கிறது. காபி பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. அத்தானுக்கு என் வணக்கம், உன் ஆட்டுக்கடாக்களுக்கு என் விசாரிப்பு. உன் மூட்டுகளுக்கு ஆண்டவன் அருள் புரிவாராக.

என்றும் உன் சொல் தட்டாத,
தோர்கில்ஸ்

பி.கு: தபாலில் போடும் முன் காலையில் ஒன்று நடந்துவிட்டது. பேர் வைக்கும் வரைக்கும் வருகிறேன் என்று கெட்டில்பியோர்ன் கடலுக்குக் கூப்பிட வந்து வாசலில் நின்றார். கிளம்பும்போது பிள்ளைக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தேன். தாடியைப் பிடித்துக்கொண்டாள். விரலைப் பிரித்தால் மறுகையால் பிடிக்கிறாள். "விடு ரான், அப்பா போயிட்டு வரணும்" என்று என் வாயிலேயே வந்துவிட்டது. வேறு பேர் வரவில்லை, அக்கா. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் முடியவில்லை, தலை அவள் கையில். கெட்டில்பியோர்ன்தான் எட்டிப் பார்த்தார். "இந்தப் பிடி பிடிக்கிறவ வீட்டுல இருந்தா, கடல்ல இருக்கிறவ கேட்டாலும் நம்மளக் குடுக்க மாட்டா. கெளம்பு தம்பி" என்றார்.

எனவே போன் செய்யாதே. அம்மா நிஜமாகவே உன் கனவில் வந்தால், அடுத்த பெண்ணுக்குப் பார்க்கலாம் என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பு. உன் கையால் என்றால் குடிப்பாள்.