சலவைக்குப் போன துப்பாக்கி

பரணிலிருந்து இறங்கிய வெங்கிடராமனின் கையில் ஒரு பாய்ச்சுருள் இருந்தது. சுருளுக்குள் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஏணியின் கடைசிப் படியிலேயே அவர் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்னா, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?" என்றாள் மனைவி சீதாலக்ஷ்மி.

"அப்பாவோட பாய்க்குள்ளே இருந்தது. பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேலே ஏறி நிக்கற மனுஷன், துப்பாக்கி வெச்சிண்டிருந்திருக்கார்."

அப்பா காலமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மகள் தன்யாவுக்கு ஜெர்மனியில் படிக்க இடம் கிடைத்திருந்தது. அவளுடைய பாஸ்போர்ட் விசாரணைக்கு அன்று சாயங்காலம் போலீஸ்காரர் வருகிறார். 'வீட்டையும் கொஞ்சம் பாக்கணும் சாமி' என்று போனில் வேறு சொல்லியிருந்தார். அதனால்தான் இவர் பரணைத் துடைக்க ஏறியதே. தோட்டா ஏதும் இல்லை. அன்றைக்கு அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி அதுதான்.

"நேரா ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சொல்லிடுங்கோளேன்."

"சொன்னா லைசென்ஸ் எங்கேன்னு கேப்பான். அவளுக்கு பாஸ்போர்ட் கிடைக்காது, எனக்கு ஜெயில் கிடைக்கும்."

எதையும் பதிவு செய்வதென்றாலே வெங்கிடராமனுக்கு வேப்பங்காய். கொச்சங்காடி சாயாக் கடையில் அவர் இதைப் பற்றிப் பேசாத நாளில்லை. "நாயைப் பதியணும், வாடகைக்காரனைப் பதியணும், துப்பாக்கியைப் பதியணும். பதிஞ்சா அது சுடாமப் போயிடுமா? எவன் வீட்டுல என்ன இருக்குன்னு சர்க்காருக்கு எதுக்கு?" என்பார். கேட்கிறவர்கள் சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

"நம்மாத்து வேஷ்டி ஒவ்வொண்ணுக்கும் சலவைக்குறி இருக்கு. அதனாலதான் உங்க வேஷ்டி உங்க இடுப்பிலே இருக்கு" என்றாள் சீதாலக்ஷ்மி. "துப்பாக்கிக்கும் ஒரு குறி இருந்துட்டா என்ன குடி முழுகிப்போறது?"

வெங்கிடராமன் கடிகாரத்தைப் பார்த்தார். கைக்குக் கிடைத்த பழைய வேஷ்டி ஒன்றில் துப்பாக்கியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

யோசனை எளிமையானது. படகுத்துறையில் இறங்கினார். மூட்டையைப் பின்சீட்டிலேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"சாமி, நில்லுங்க." ஆட்டோக்காரன் சிஜு மூச்சிரைக்க ஓடி வந்தான். "சாமானை மறந்துட்டீங்களே. என்ன சாமி இவ்வளவு கனம்?"

"திரைச்சீலைக் கம்பி" என்றார் வெங்கிடராமன். "ரொம்ப உபகாரம்ப்பா."

"இருக்கட்டும் சாமி. வயசானா மறதி வரும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான் சிஜு.

அடுத்து வைப்பின் தீவுக்குப் போகும் படகு. பெஞ்சுக்கு அடியில் மூட்டையைத் தள்ளி வைத்தார். அக்கரை வந்ததும் முதல் ஆளாக இறங்கி விறுவிறுவென்று நடந்தார். பின்னால் ஒரு மீன்காரி சத்தம் போட்டாள். படகிலிருந்தவர்கள் மூட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கரைக்கு அனுப்பி, அவருடைய மார்பிலேயே சாத்திவிட்டார்கள். கும்பிட்டுக் கும்பிட்டு நன்றி சொன்னார். இவ்வளவு நல்ல ஜனங்களை அவர் அதுவரை சபித்ததில்லை.

திரும்பும் படகில் எல்லோருடைய கண்ணும் அந்த மூட்டையின் மேல்தான். "கெட்டியா பிடிச்சுக்கோங்க சாமி" என்று ஒரு கிழவர் அக்கறையாகச் சொன்னார்.

கடைசியில், சீன வலைகளுக்குப் பக்கத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டு மூட்டையைத் தண்ணீரில் வீசினார். அது முழுகிற்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

போலீஸ்காரர் சுதர்ஷன் சொன்னபடி வந்தார். தன்யாவிடம் நாலு கேள்வி கேட்டார், சீதாலக்ஷ்மி கொடுத்த காப்பியைக் குடித்தார். பிறகு இயல்பாகக் கேட்டார்.

"சரி சாமி, அந்தத் துப்பாக்கியை எடுங்க, பாத்துடறேன்."

"எந்தத் துப்பாக்கி?" வெங்கிடராமனின் குரல் கீச்சிட்டது. "இந்த ஆத்துல துப்பாக்கியே கிடையாது சார்."

"அப்படிச் சொல்லாதீங்க சாமி. உங்கப்பா பேர்ல பதிஞ்சது, லைசென்ஸ் இருக்கு. எலெக்‌ஷன் வந்தா எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணுமில்லே? ஒப்படைக்க முதல் ஆளா வருவார். திருப்பி வாங்க கடைசி ஆளா வருவார்."

தேர்தல் வரும்போதெல்லாம் அப்பா பாய்ச்சுருளோடு கிளம்பிப் போனது வெங்கிடராமனுக்கு இப்போது நினைவு வந்தது. கோவிலில் படுக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"அவர் போயாச்சு. இனிமே நீங்க உங்க பேருக்கு மாத்தணும், இல்லேன்னா ஒப்படைக்கணும்" என்றார் சுதர்ஷன். "இருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை. பதிஞ்ச துப்பாக்கி காணாமப் போனாத்தான் கேஸு. கேஸுள்ள வீட்டுப் பொண்ணுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

தன்யா அப்பாவைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. இருந்ததை வெங்கிடராமனே கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அந்த நேரத்தில் வாசலில் குரல் கேட்டது. "சாமி, இருக்கீங்களா?"

சலவைக்கார அழகம்மாள். கையில் தண்ணீர் சொட்டும் மூட்டை.

"வலைக்காரங்க கொண்டாந்தாங்க. பெரிய கொடுவா மீனு மாட்டிக்கிச்சுன்னு நெனச்சாங்களாம். வேட்டியில நான் போட்ட குறி இருக்கவும் எங்கிட்ட கேட்டாங்க. உங்க வீட்டுக் குறி எனக்குத் தெரியாதா?"

சுதர்ஷன் கட்டைப் பிரித்து, துப்பாக்கியிலிருந்த எண்ணைச் சரிபார்த்தார். "இதுதான். ஏன் நனைஞ்சிருக்கு?"

"சலவைக்குப் போட்டிருந்தது சார்" என்றாள் சீதாலக்ஷ்மி, கண் இமைக்காமல்.

"துப்பாக்கியையா?"

"வேஷ்டியைத்தான். இவர் அவசரத்துல உள்ளே இருந்ததையும் சேர்த்துப் போட்டுட்டார்."

சுதர்ஷன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன்யாவின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "நாளைக்கே ஸ்டேஷனுக்குக் கொண்டு வாங்க சாமி. சலவை பண்ணாம" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெங்கிடராமன் அழகம்மாளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து சொன்ன நன்றியெல்லாம் வாயளவில் சொன்னது. இது அடிவயிற்றிலிருந்து வந்தது.

"எம் பொண்ணோட படிப்பைக் காப்பாத்திட்டே அழகம்மா. உன் புண்ணியம். அந்தக் குறிக்கும் கோடிப் புண்ணியம். இனிமே பதிவு வேண்டாம்னு என் வாய் பேசாது."

தன்யா ஓடிப்போய் அவளுக்குக் காப்பி கொண்டு வந்தாள்.

"ஆமா, கட்டைப் பிரிக்காமலே கொண்டு வந்தியே" என்றாள் சீதாலக்ஷ்மி. "உள்ளே என்னன்னு பார்க்கணும்னு உனக்குத் தோணலையா?"

அழகம்மாள் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "பாக்க என்ன இருக்கு? உங்க மாமனாரு பெரிய சாமியும் இதத் தண்ணியில போட்டப்பல்லாம் நான்தான கொண்டாந்து குடுத்தேன். மூணாந்தரம் கொண்டாந்த அன்னிக்குத்தான், 'இது நம்மள விட்டுப் போகாது அழகம்மா'ன்னு சொல்லிட்டு ஸ்டேஷன்ல போயிப் பதிஞ்சாரு."