சதுரக் குப்பிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அதில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று கல்லூரி மூன்றாம் வருடம்வரை மனதார நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஆயுத பூஜையோடு அந்த நம்பிக்கை போனது. (அன்றைக்குத்தான் எனக்குப் பட்டமளிப்பு விழா நடந்தது என்பாள் அம்மா.)

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. தூத்துக்குடியிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றலாகி, கிடர்பூர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் உயிர்வேதியியல் படித்தேன். ஒரு என்சைம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அளப்பதுதான் வகுப்பில் எங்கள் நாலு பேருடைய ப்ராஜெக்ட். என்சைமைச் சேர்த்தால் நிறமில்லாத கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகும். அந்த மஞ்சள் ஏறும் வேகத்தை எண்ணில் சொல்ல ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற பெட்டி வேண்டும். கல்லூரியில் இருந்த பெட்டி நான் பிறப்பதற்கு முன்பே கண்ணை மூடியிருந்தது. பூஜா விடுமுறை முடிவதற்குள் வேறு கருவி வராவிட்டால் நூலகத்தில் உட்கார்ந்து கட்டுரை எழுதுங்கள் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

எங்கள் ஆசிரியை சுதேஷ்ணாதி (அங்கே அக்காவுக்கு ‘தி’) இரண்டு மாதம் யார் யாரிடமோ கெஞ்சினார். கடைசியில் அலிப்பூரில் மூடப்போகும் ஒரு மருந்துப் பரிசோதனைக்கூடம் தன் பழைய கருவியைச் சும்மாவே தருவதாகச் சொன்னது. யார் போய் எடுத்துவருவது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

மஞ்சள் டாக்ஸியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பூஜைப் பந்தலுக்கு நட்ட மூங்கில் பாதித் தெருவை அடைத்திருந்தது. சுற்றி வளைத்துப் போய்ச் சேர்ந்தபோது கல்லூரி கேட்டில் பூட்டு தொங்கியது. வேறு வழியில்லாமல் விடுமுறை முழுவதும் கருவி எங்கள் வீட்டு விருந்தாளியானது.

நவமியன்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு மிக்சி, ஃப்ரிட்ஜ், அப்பாவின் ஸ்கூட்டர் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே கருவியிடம் வந்தாள். நான் குறுக்கே நின்று, ஒளியியல் கருவியின் நுட்பம் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன்.

“வேலை பாக்குற சாமான்லா? பொட்டு வைக்காம விட்டா கோவிச்சுக்கிடும்லே” என்றாள். பிறகு, நீ படிச்சவன், உனக்குத் தெரியும் என்று போய்விட்டாள்.

அவள் போனபிறகுதான் எனக்கு உதறல் எடுத்தது. நிஜமாகவே கோபித்துக்கொண்டால்? நாலு பேர் ப்ராஜெக்ட் ஆயிற்றே. மஞ்சள் குழைத்த சந்தனத்தை விரலில் தொட்டுக்கொண்டு திருட்டுத்தனமாக வந்தேன். எங்கே வைப்பது? பெட்டி சும்மா நிற்கிறது, உண்மையில் வேலை செய்வது கரைசலை ஊற்றும் சதுரக் கண்ணாடிக் குப்பிதான் என்று அறிவியல்பூர்வமாக யோசித்தேன். இரண்டு குப்பிகள் இருந்தன. ஒன்று வெறும் தண்ணீரோடு நின்று சைபர் காட்டும் சோம்பேறி, அதற்குப் பொட்டு கிடையாது. உழைக்கும் குப்பிக்கு, சொரசொரப்பான பக்கத்தை விட்டு, பளபளக்கும் பக்கத்தின் நட்டநடுவில் வைத்தேன். (ஒளி அந்தப் பக்கம் வழியாகத்தான் போகும் என்று தேர்வில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியவன் நான்.) சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கு அன்றைக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான். விஜயதசமியன்று வேட்டி நுனியால் துடைத்தேன். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது.

கல்லூரி திறந்ததும் துறைத்தலைவர் சோதித்துப் பார்க்க வந்தார். குப்பியின் உட்புறத்தை மூன்று முறை கழுவி, கரைசலை ஊற்றி உள்ளே வைத்தேன். வெளிப்புறத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. எண் சடாரென்று ஏறி நின்றது. நான் பூரித்துப்போய், வினை மிக வேகமானது சார், ஆரம்பத்திலேயே முடிந்துவிட்டது என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்சைம் இன்னும் உன் கையில்தான் இருக்கிறது.”

இருந்தது. பிப்பெட்டில், ஒரு சொட்டு குறையாமல்.

கருவி பழுது, கட்டி உள்ளே வையுங்கள், பையன்கள் நூலகத்துக்குப் போகட்டும் என்று அவர் கதவுப்பக்கம் நடந்தார். சுதேஷ்ணாதி உறையை எடுத்து மூடப்போனார். நான் அவசரமாகக் குப்பியை வெளியே எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில், மங்கலாக, வட்டமாக, மஞ்சளாக, என் பக்தி தெரிந்தது.

“சார், மெஷின் மேல தப்பில்ல. நான் பூஜை பண்ணிட்டேன்.”

அவர் திரும்பி வந்து, முழுக் கதையையும் கேட்டார். பிறகு கருவியை மெதுவாகப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். மின்கம்பிக்குக் கீழே காய்ந்துபோன சிந்தூரப் பொட்டு ஒன்று இருந்தது, பரிசோதனைக்கூடத்துக்காரர்கள் போன மாத விஸ்வகர்மா பூஜைக்கு (அந்த ஊர் ஆயுத பூஜை) வைத்தது. “அவர்களும் வைத்திருக்கிறார்கள். எங்கே என்று பார்” என்றார். அப்போதுதான் சுதேஷ்ணாதிக்குச் சிரிப்பு வந்தது. குப்பியை வெளியேயும் சோப்புப் போட்டுக் கழுவினார். எண் சைபருக்கு வந்தது. என்சைமைச் சேர்த்ததும் அழகாக, நிதானமாக ஏறியது. ப்ராஜெக்ட் பிழைத்தது.

வீட்டில் சொன்னேன். “நானும் முதுகுலதான்லே வைக்க வந்தேன்” என்றாள் அம்மா.

என் கையிலிருந்த என்சைமைப் பற்றித் துறைத்தலைவர் சொன்ன வாக்கியமும் அன்றே எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது. செய்யாத வேலையை முடித்துவிட்டதாக யார் சொன்னாலும் அப்பா அதைத்தான் சொல்வார். சில வருடம் கழித்து மதுரையில் பெண் பார்க்கப் போனோம். பெண் வெளியே வருவதற்குள் நான் அவள் அப்பாவிடம் எனக்குப் பூரண சம்மதம் என்று சொல்லிவிட்டேன். அம்மா என் காதருகே குனிந்தாள்.

“ஏலே, என்சைம் இன்னும் அடுப்படியிலதான் இருக்கு.”