ரவையர் தேர்ந்தெடுத்த ரவை

இத்தாலியின் பலெர்மோவில் வாழும் தமிழர் அத்தனை பேரையும் ஒரே சொல்லால் நடுங்கவைக்கும் வல்லமை ஒரேயொரு மனிதருக்குத்தான் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அவரைப்போல் பயந்த சுபாவம் உடைய வேறொருவரை நான் ஊரிலும் கண்டதில்லை, இந்த நகரிலும் கண்டதில்லை. யாராவது கதவை அறைந்து சாத்தினால் அவர் கையிலிருக்கும் தேநீர் கூரையைத் தொடும். மோட்டார் சைக்கிள் ஒன்று இருமினால் பக்கத்து வாசலுக்குள் புகுந்துவிடுவார். மோட்டார் சைக்கிள் இருமாத தெரு பலெர்மோவில் கிடையாது ஆதலால், இந்நகரின் வாசல்கள் அனைத்துடனும் அவருக்கு நெருங்கிய பழக்கம் இருந்தது.

அவரை எல்லோரும், அதுவும் தணிந்த குரலில், ரவையர் என்றே அழைத்தார்கள். அவருடைய ஞானஸ்நானப் பெயர் எனக்குத் தெரியும். அதை அச்சில் ஏற்றுவது பண்பாகாது.

ரவை என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்துத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று உப்புமாவுக்கு உரியது. மற்றது துப்பாக்கிக்கு உரியது. போர்க்காலத்தில் என் அயலவர் ஒருவர் சமையலுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு வரும்போது, சோதனைச் சாவடியில் "பையிலை என்ன?" என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் உண்மையைச் சொல்லிவிட்டார். அன்று முழுவதும் வெயிலில் முழந்தாளில் நின்றார். கேட்ட சிப்பாய்க்குப் பாதித் தமிழ்தான் தெரியும். அந்தப் பாதிக்குள் உப்புமா இருக்கவில்லை.

அதன்பின் எம்மவர் அச்சொல்லை நாவில் எடுப்பதைத் தவிர்த்தனர். இத்தாலிக்கு வந்து சேர்ந்ததும் "செமோலா" என்ற இந்நாட்டுச் சொல் கைக்குக் கிடைத்தது. எங்கள் பெண்கள் செமோலாக் கேசரி, செமோலா லட்டு என்று சொல்லி நிம்மதியாகக் கிண்டத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட ஒரு சமூகத்தின் நடுவே, ஒருவர் பட்டப்பகலில், ஓடும் பேருந்தில், அச்சொல்லை அதன் இரண்டாம் பொருளில் உரக்கச் சொன்னால் என்ன நிகழும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அவ்வேளையில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தவன் நான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் கல்லூரிக் கல்வி பெற்று, சிலகாலம் ஆங்கிலம் கற்பித்தவன். இங்கே லிபெர்த்தா என்ற செல்வந்தர் தெருவில் மதிப்புக்குரிய ஒரு குடும்பத்தின் இல்லத்தை நெடுங்காலம் நிருவகித்தவன். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பவன். என்மேல் ஒரு குறை சொல்ல எவருக்கும் நான் இதுவரை இடம் வைத்ததில்லை.

"மாஸ்ரர்," என்றார் ரவையர், "நீங்கள் இங்கிலிஸ் படிச்ச ஆள், சொல்லுங்கோ. பதினேழு நல்லதோ, இருபத்திரண்டு நல்லதோ?"

"எதில்?"

"ரவையிலை!"

முன்வரிசையில் இருந்த இரண்டு தமிழ்த் தலைகள் ஒன்றாகத் திரும்பின. திரும்பியதைவிட வேகமாக மறுபடி முன்னே பார்த்தன.

"மெல்லக் கதையும்," என்றேன், உதடு அசையாமல்.

"மெல்லக் கதைச்சா பஸ் இரைச்சலிலை உங்களுக்குக் கேக்குமே? வெடிக்கிற ரவையைத்தான் கேக்கிறன். முயலுக்கு!"

ஒரு தலை அடுத்த தரிப்பில் இறங்கிப் போயிற்று. அது அந்தத் தலை வழமையாக இறங்கும் தரிப்பு அன்று.

விடயம் இதுதான். ரவையர், நகருக்குப் பின்னேயுள்ள மலைச்சரிவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே புதிதாக நட்ட பாதாம் கன்றுகளின் பட்டையை முயல்கள் உரித்துத் தின்றன. அவளுடைய கணவரான சிஞ்ஞோரே முதிர்ந்தவர், கை நடுங்குபவர், ஆனால் வேட்டையில் தமக்குப் பெயர் உண்டென்று நம்புபவர். உரிமம், பயிர் காப்பதற்கான அனுமதி எல்லாம் முறையாக வைத்திருந்தார். முயல்களை அவர் தமது பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியால் எதிர்கொண்டார். முதல் வெடியில் தண்ணீர்த் தாங்கி சல்லடையாயிற்று. அடுத்ததில் வண்டியின் பக்கக் கண்ணாடி போயிற்று. அதற்கடுத்ததில் ரவையரின் தொப்பி போயிற்று. நல்லவேளையாக அது அப்போது மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது.

சிஞ்ஞோரா பொறுமை இழந்தாள். கன்றுகள் இந்த வருடமும் பிழைக்காவிட்டால் காணியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தாள். காணி போனால் ரவையரின் வேலை ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் போனால், இந்நாட்டில் தங்குவதற்கு அவர் வைத்திருக்கும் பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கப்படாது. ஆகவே, சிஞ்ஞோரே சிறிய குழலுள்ள ரைபிள் ஒன்று வாங்குவதென்றும், அதற்கு முன் பதினேழு, இருபத்திரண்டு என்ற குழல் அளவுகளில் தகுந்த ரவையைத் தெரிவு செய்வதென்றும் தீர்மானிக்கப்பட்டது. ரவைப் பெட்டிகளில் எல்லாமே ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தபடியால், அதை வாசிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

"கூடப் போட்டால் மலைக்கு அங்காலை போயிடும். குறைச்சுப் போட்டால் முயல் சிரிக்கும். என்ரை பெர்மெஸ்ஸோ இப்ப உங்கடை வாயிலைதான் கிடக்கு, மாஸ்ரர்," என்றார் ரவையர்.

அன்று மாலையே என் தொலைபேசி அடித்தது. அழைத்தவர் ரெஜினாக்கா. எங்கள் கோயில் திருவிழாச் சமையலுக்குப் பொறுப்பாளர்; போருக்கு முன்னரே கன்னியர் மடத்தின் மூலம் இங்கே வந்துவிட்டவர். இந்நகரில் ரவை என்றதும் கேசரியை மாத்திரம் நினைக்கும் ஒரே தமிழ்ப் பெண்மணி அவர்தான் என்பது அந்தப் பதற்றத்தில் என் நினைவுக்கு வரவில்லை.

"மாஸ்ரர், ரவை எடுக்கிறது நீங்களெண்டு கேள்விப்பட்டன்."

அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்: "யார் சொன்னது?"

"பஸ்ஸிலை நீங்களே கதைச்சனீங்களாமே. இதிலை ஒளிக்க என்ன கிடக்கு? நுண்ணியதோ, பருமனோ?"

"அது இன்னும் முடிவாகவில்லை."

"நுண்ணியதையே எடுங்கோ. தொண்டையாலை இறங்கிறதே தெரியாது."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தேன். "அக்கா, இது ஆட்களுக்கு அல்ல. முயலுக்கு."

"முயலுக்கோ? ஏன் மாஸ்ரர், வாற சனத்துக்கே காணாமல் கிடக்கு, நீங்கள் முயலுக்குக் குடுக்கப்போறியளோ? சுவாமிக்குச் சொல்லட்டே?"

பங்குச் சுவாமியார் காதுக்கு இது போவதைவிட மரணம் மேல் என்று தோன்றியது. மேலும் சில வாக்கியங்கள் கடந்தபிறகே நாங்கள் இருவரும் இரண்டு வேறு ரவைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பது புலப்பட்டது. விளக்கம் சொல்வது மேலும் ஆபத்தாகத் தெரிந்தபடியால், திருவிழாவுக்கு வேண்டிய செமோலா முழுவதையும் நானே வாங்கித் தருவதாக ஏற்றுக்கொண்டு தொலைபேசியை வைத்தேன்.

ஆயுதக்கடை வுச்சீரியாச் சந்தைக்குப் பின்புறத் தெருவொன்றில் இருந்தது. ரவையருக்கு மறுப்புச் சொல்ல வழி தெரியாமல், கறுப்புக் கண்ணாடி அணிந்து, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, செமோலாப் பையை மார்போடு அணைத்தபடி உள்ளே நுழைந்தேன். யாரேனும் கண்டால் மாவு வாங்க வந்தவன் என்று எண்ணட்டும் என்பது என் திட்டம். ஆயுதக்கடையில் மாவு விற்பதில்லை என்பது உள்ளே போனபிறகுதான் உறைத்தது.

சிஞ்ஞோரே ஏற்கெனவே வந்திருந்தார். "வாருங்கள், புரொபெசோரே!" என்று எழுந்து கை கொடுத்தார். திரும்பிப் போகும் எண்ணம் 'பேராசிரியரே' என்ற அந்த ஒரு சொல்லோடு என்னை விட்டகன்றது.

கடைக்காரர் முதலில் விரல் நீளத்தில் ஒன்றை மேசையில் நிறுத்தினார். அது மலையைத் தாண்டியும் பறக்கும் என்றார் பெருமையாக. ரவையர் என் காதருகே குனிந்தார்.

"மலைக்கு அங்காலை என்ரை மச்சாள் வேலை செய்யிறா. வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

அடுத்து இருபத்திரண்டு வந்தது. ஈயத் தலை, ஒலியின் வேகத்தைத் தாண்டாத மெதுவான வகை. சத்தம் எவ்வளவு என்று ரவையர் கேட்கச் சொன்னார். கடைக்காரர் இரண்டு விரல்களால் உள்ளங்கையில் மெல்லத் தட்டிக் காட்டினார். ரவையரின் முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒளி பரவிற்று.

"இதுதான், மாஸ்ரர்! கோயிலுக்குள்ளை ஆரோ தும்மினது மாதிரித்தான் இருக்கும். இதையே எடுப்பம்!"

பெட்டியின் ஓரத்தில் இருந்த சிறிய எழுத்தை வாசிப்பது என் கடமையாயிற்று. இவ்வகை ரவை கல்லிலோ தண்ணீரிலோ பட்டால் உடையாமல் தெறித்துத் திசைமாறிப் பறக்கக்கூடும் என்று அதில் எச்சரித்திருந்தது. அந்தப் பண்ணையில் மண்ணைவிடக் கல்லே அதிகம்.

"தெறிச்சால் எந்தப் பக்கம் போகும்?"

"அதைப் பெட்டியில் எழுதவில்லை."

மூன்றாவதாகப் பதினேழு. பென்சில் முனைபோல் கூரான, மிகச் சிறிய ரவை. மிகுந்த வேகம் உடையது. எதிலாவது பட்ட மாத்திரத்தில் பொடியாகிவிடும். காற்றடித்தால் சற்று விலகும் என்பதைத் தவிர வேறு குறை இல்லை என்றார் கடைக்காரர். சத்தம் எப்படி என்று கேட்டதற்கு, அவர் இரு கைகளையும் அகல விரித்து ஓங்கித் தட்டினார்.

ரவையரைக் காணவில்லை. கடையின் மூலையில் தொங்கிய வேட்டைக் கோட்டுகள் மாத்திரம் நடுங்கிக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் அவற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மாஸ்ரர், அது கல்லிலை பட்டால் தெறியாதெண்டு வடிவா எழுதிக் கிடக்கோ?"

"தெறிப்பது மிகக் குறைவு என்று எழுதியிருக்கிறது."

கோட்டுகள் நெடுநேரம் யோசித்தன.

"அப்ப பதினேழு."

"அந்தச் சத்தத்தை நீர் தாங்குவீரா?"

"சத்தம் எனக்கு மட்டும்தானே. தெறிச்சால் எல்லாருக்கும்."

பேரம் முடிந்ததும் நான் முதல் ஆளாக வெளியேறினேன். தெருமுனையில் கராபினியேரி எனப்படும் காவலர் இருவர் நின்றிருந்தார்கள். அவர்களைப் பாராதவன்போல் கடந்துகொண்டிருக்கையில், கடை வாசலில் இருந்து அந்தப் பழகிய குரல் தெருவையே பிளந்தது.

"மாஸ்ரர்! உங்கடை ரவையை விட்டிட்டுப் போறியள்!"

எதிரே வந்த தமிழ்த் தம்பதியர் கைகோத்துக்கொண்டு ஒரு சந்துக்குள் மறைந்தனர். ரவையர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என் கையில் திணித்தார். கராபினியேரியில் மூத்தவர் அருகே வந்தார். பையில் என்ன என்று கேட்டார். என் முழந்தாள்கள் வெயிலை எதிர்பார்த்துத் தாமாகவே மடியத் தொடங்கின.

"செமோலா," என்றேன், எனக்கு இயன்ற மிகச் சிறந்த இத்தாலியத்தில்.

அவர் பையைத் திறந்து, விரலால் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "நுண்ணியதா, பருமனா?" என்று வினவினார். தம் தாயார் இதற்குப் பருமனானதையே வாங்குவார் என்று சொல்லி, ஒரு பலகாரத்தின் செய்முறையை விரிவாக எடுத்துரைத்துவிட்டுத்தான் விடைகொடுத்தார். அதில் ஒரு சொல்லும் என் செவியில் ஏறவில்லை.

ரவையைச் சோதிக்கும் நாள் ஒரு சனிக்கிழமை. பெட்டியை வாசித்த புரொபெசோரேயும் கட்டாயம் வரவேண்டும் என்று சிஞ்ஞோரே சொல்லி அனுப்பியிருந்தார். திருப்பலிக்கு அணியும் கோட்டை அணிந்து சென்றேன். சிஞ்ஞோரா எங்களைக் கண்டதும் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு, வீட்டின் யன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். ரவையர் காதுக்குள் பஞ்சு, அதன்மேல் கம்பளித் தொப்பி, அதன்மேல் கடைக்காரர் கொடுத்த காதுக் கவசம் என்று, என்ன சொன்னாலும் "ஆ?" என்று கேட்கும் நிலையில் நின்றார். அவருடைய உதடுகள் வெளுத்திருந்தன.

"நீர் வீட்டுக்குள் போய் இரும்," என்று கையால் காட்டினேன்.

"நான் நிக்காட்டி அவர் சுடமாட்டார் மாஸ்ரர். நான்தானே முயலைக் காட்டவேணும்," என்று மலை முழுவதற்கும் கேட்கக் கத்தினார்.

சிஞ்ஞோரே ரைபிளை எடுத்தார். மணல் மூட்டையில் சாத்துவதற்கு முன், அதன் வாய் பாதாம் கன்று, தூரத்து ஆடு, என் காலணி ஆகிய மூன்றையும் வரிசையாக விசாரித்தது. என் பெயர் நாளை எப்படிப்பட்ட செய்தியில் வெளிவரும் என்று எண்ணிப் பார்த்தேன். கல்லொன்றின் அருகே முயல் எழுந்து அமர்ந்தது. ரவையர் விரலை நீட்டினார்.

வெடித்தது. வானத்தை நீளவாக்கில் கிழித்தது போன்ற ஒரு சத்தம்.

அடுத்த கணம் நான் முகங்குப்புற மண்ணில் கிடந்தேன். என்மேல் பெரும் பாரம்.

"என்ன காரியம் இது? எழும்பும்!"

"எழும்பாதேங்கோ மாஸ்ரர். இன்னும் வரும்."

"என்ன வரும்?"

அவர் நடுங்கிய நடுக்கத்தில் நானும் சேர்ந்து நடுங்கினேன். என் பின்தலையை ஏதோ அழுத்திக்கொண்டிருந்தது. அது அவருடைய உள்ளங்கை. அதன்மேல் அவருடைய மற்றக் கை. தம் தலையை மூடுவதற்கென்று அவர் ஒரு கையையும் மிச்சம் வைத்திருக்கவில்லை.

சிஞ்ஞோரே சிறுபிள்ளைபோல் கூவுவது கேட்டது. முயல் விழுந்துவிட்டிருந்தது. ரவை கல்லில் பட்டுத் தெறிக்கவில்லை, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ரவையர் எழுந்து என் கோட்டிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"குறை நினையாதேங்கோ. ஊரிலை ஷெல்லடிக் காலத்துப் பழக்கம்," என்றார்.

அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் சிஞ்ஞோரே வந்தார். நானும் பழைய கோட்டொன்றை அணிந்து சென்றேன். ஒவ்வொரு வெடிக்கும் நான் மண்ணில் கிடந்தேன். பாதாம் கன்றுகள் பட்டையோடு தளிர்த்தன. காணி விற்கும் பேச்சை சிஞ்ஞோரா மறந்தாள். ரவையரின் ஒப்பந்தம் நீடித்தது, பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கப்பட்டது. அந்தக் காகிதத்தை என்னிடம் காட்ட ஓடிவந்தபோது வழியில் ஒரு மோட்டார் சைக்கிள் இருமியதால், அவர் வந்துசேரச் சற்றுத் தாமதமாயிற்று.

சென்ற ஆண்டு அவர் வடக்கே மகளிடம் போய்விட்டார். இவ்வருடம் திருவிழா வாணவேடிக்கையை நான் கடற்கரையில் சனத்தோடு சனமாக நின்று பார்த்தேன். வெடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக முழங்கின. என் கோட்டில் ஒரு கசங்கலும் இல்லை; யாரும் என்மேல் விழவில்லை. இத்தனை பேர் சூழ நின்றும், எனக்கென்னவோ காவல் இல்லாததுபோல் இருந்தது.