எக்ஸ்ரே அங்கிளின் வெள்ளி

டெக்சஸின் காப்பெல் ஊரில் எங்கள் தெருக்காரர்களுக்கு எந்த எலும்பு எப்போது முறிந்தது என்பதை அவரவர் டாக்டரே மறந்திருக்கலாம். எக்ஸ்ரே அங்கிள் மறக்க மாட்டார். ரிட்டயரான கம்ப்யூட்டர் இன்ஜினியர். பிறந்தநாள் பார்ட்டிக்கு வந்தால், கேக் வெட்டுவதற்குள் வீட்டில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கிறதா என்று விசாரித்துவிடுவார். ஃபிலிமில் வெள்ளி இருக்கிறதாம்.

அவரை வாட்டிய கேள்வி ஒன்று உண்டு. எல்லோரும் ஃபோனில் படம் எடுக்கிறார்கள், ஆஸ்பத்திரியிலும் டிஜிட்டல்தான். ஃபிலிமுக்காக வெள்ளி வாங்குவோர் குறைந்துவிட்டார்கள். அப்படியானால் வெள்ளி மலிந்திருக்க வேண்டுமே? யாராவது செல்ஃபி எடுத்தால், மிச்சமான வெள்ளி எங்கே போனது என்று அவர்களிடமே கேட்பார். கடைசியில் பதிலையும் அவரே கண்டுபிடித்தார்: சோலார் பேனல். அதற்கும் வெள்ளி வேண்டுமாம். அதன்பின் வாக்கிங் போகும்போது கூரைகளையே பார்த்து நடந்து, ஊரார் மெயில்பாக்ஸ்களில் மோதிக்கொண்டார்.

ஃபிலிமிலிருந்து வெள்ளியைப் பிரிக்க ஒரே ஒரு முறை முயன்றார். ஆன்ட்டியின் சாம்பார் பாத்திரம் கறுத்ததுதான் கண்ட பலன். ஆனாலும் சேர்ப்பதை நிறுத்தவில்லை. விசா மெடிக்கலுக்காகச் சென்னையில் என் மனைவி மைதிலி எடுத்த மார்பு எக்ஸ்ரேயும் அவரிடம் போயிற்று. இடம் காலியானால் சரி என்று கொடுத்துவிட்டோம்.

போன வருடம் மைதிலிக்கு இருமல் நிற்கவில்லை. நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறது என்றார் டாக்டர். பழைய எக்ஸ்ரே இருந்தால், அது புதிதாக வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமாம். சென்னையில் எடுத்த இடத்தையோ மூடிவிட்டார்கள். அங்கிள் அந்த ஃபிலிமை விற்றுத் தொலைத்திருப்பாரோ என்று பயந்துகொண்டே அவர் கராஜில் போய் நின்றேன்.

"மைதிலியோடதா? நெஞ்செல்லாம் லான் மோவருக்குப் பின்னாடி. முட்டி, முதுகு இந்தப் பக்கம்" என்றார்.

பெயர் பார்த்து எடுத்தவர், கூப்பிடாமலேயே எங்கள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஃபிலிம் பார்க்கிற விளக்குகூட அந்த க்ளினிக்கில் இல்லை. டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதே இடம், அதே அளவு. பழைய தழும்புதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். இருமல், டெக்சஸ்காரர்கள் எல்லோருக்கும் வருகிற மகரந்த அலர்ஜி.

வெளியே காத்திருந்த அங்கிளிடம் வந்து சொன்னோம். ஓயாமல் பேசுகிற மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "போய் நல்லா தூங்கும்மா" என்றார்.

இந்த வருடம் ஆன்ட்டி கராஜைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பாதி ஃபிலிம்கள் இப்போது எங்கள் கராஜில். போன வாரம் பெய்த ஆலங்கட்டி மழையில், அவற்றுக்கு இடம் விட்டு வெளியே நின்ற என் கார் முழுக்கப் பள்ளம். மைதிலி ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"அங்கிளோட ஃபிலிம் எதுவும் நனையலையே?" என்று மட்டும் கேட்டாள்.